கார்ல் லுட்ஸ்: 8,000 என்ற எண்ணுக்குள் அடங்காத மனிதர்கள்

1944-ல் ஹங்கேரியின் யூதர்களைக் காப்பாற்றிய தூதர் யார் என்று கேட்டால் பெரும்பாலோர் ராவுல் வாலன்பெர்க் என்பார்கள். சொல்ல வேண்டிய பெயர்தான். ஆனால் சுவீடன்காரரான வாலன்பெர்க் புடாபெஸ்ட் வந்து சேர்ந்தது 1944 ஜூலை 9. அதற்கு இரண்டரை ஆண்டு முன்பே அந்த ஊருக்கு வந்து வேலையில் இறங்கிவிட்ட சுவிஸ் துணைத் தூதர் கார்ல் லுட்ஸ். வாலன்பெர்க்குக்கு முன்மாதிரியாக இருந்த பாதுகாப்புக் கடித ஏற்பாட்டை அங்கே நடத்திக் காட்டியவர் அவர். அவருடைய இரக்கத்தையும் துணிச்சலையும் மட்டும் பாராட்டிவிட்டு நகர்ந்தால், அவர் செய்த வேலை கண்ணில் படாமலே போய்விடும். அந்த வேலை பேரேடு, எண், முத்திரை, முகவரி என்று நடந்த அலுவலக வேலை. அதைத்தான் இங்கே கொஞ்சம் விரிவாகப் பார்க்க வேண்டும்.

லுட்ஸ் 1895 மார்ச் 30 அன்று சுவிட்சர்லாந்தின் வால்ட்சன்ஹவுசன் என்ற மலையூரில் மெத்தடிஸ்ட் குடும்பமொன்றில் பிறந்தார். 18 வயதில் அமெரிக்கா போய் இலினாய் மாநிலத்தின் கிரானிட் சிட்டியில் தொழிலாளியாக இருந்தார். சேர்த்த காசில் மிசூரியில் கல்லூரிப் படிப்பு. 1920-ல் வாஷிங்டனிலிருந்த சுவிஸ் தூதரகத்தில் வேலை கிடைத்தது. வேலை பார்த்துக்கொண்டே ஜார்ஜ் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் படித்தார். பிறகு பிலடெல்பியா, செயின்ட் லூயிஸ் துணைத் தூதரகங்கள். குடும்பப் பெருமையோ செல்வாக்கோ பின்னால் இல்லாமல், கீழ்மேசையிலிருந்து மேலே வந்தவர். ஒரு விண்ணப்பம் எங்கே தேங்கும், யார் கையெழுத்தில்லாமல் நகராது என்பதெல்லாம் அப்படி வந்தவர்களுக்குத்தான் அத்துப்படி.

1935-ல் கெர்ட்ருட் ஃபங்க்ஹவுசரை மணந்தார். அதே ஆண்டில் பாலஸ்தீனத்தின் யாஃபா துறைமுக நகருக்குத் துணைத் தூதராகப் போனார். 1939 செப்டம்பரில் போர் வெடித்ததும் பிரிட்டிஷ் நிர்வாகம் அங்கிருந்த ஜெர்மானியக் குடியேறிகளை எதிரி நாட்டவர் என்று அடைத்தது. அவர்களுக்காகப் பேசும் பொறுப்பு சுவிட்சர்லாந்தின் கைக்கு வந்தபோது, லுட்ஸ் சுமார் 2,500 பேருக்காக அலைந்தார். நாஜி ஜெர்மனியின் குடிமக்களாயிற்றே என்று அவர் கை கட்டி நிற்கவில்லை. இந்தச் செய்தி பெர்லினில் பதிவானது. ஐந்து ஆண்டு கழித்து அது அவருக்குக் கைகொடுத்தது.

இங்கே ஒரு ஏற்பாட்டை விளக்கியாக வேண்டும். இரு நாடுகள் போரில் இறங்கினால் தூதர்கள் ஊர் திரும்பிவிடுவார்கள், குடிமக்கள் மாட்டிக்கொள்வார்கள். அப்போது நடுநிலை நாடு ஒன்று, விட்டுப்போன தூதரகத்தின் சாவியையும் கோப்புகளையும் குடிமக்கள் பட்டியலையும் ஏற்றுக்கொள்ளும். இரண்டாம் உலகப் போரில் இந்த வேலையின் பெரும்பங்கு சுவிட்சர்லாந்தின் தலையில் விழுந்தது. 1942 ஜனவரியில் லுட்ஸ் புடாபெஸ்ட் வந்தது இதற்காகத்தான். சுவிஸ் தூதரகத்தின் வெளிநாட்டு நலன்கள் பிரிவுக்கு அவர் தலைவர். பிரிட்டன், அமெரிக்கா உட்படப் பத்துக்கும் மேற்பட்ட நாடுகளின் சார்பில் ஹங்கேரி அரசிடம் பேச வேண்டியவர். அலுவலகம் சுதந்திரச் சதுக்கத்தில் அமெரிக்கர்கள் விட்டுப்போன தூதரகக் கட்டடம். குடியிருப்பு ஆற்றின் மறுகரையில், புடா குன்றில், பிரிட்டிஷ் தூதரக மாளிகை.

பிரிட்டனின் பிரதிநிதி என்பதுதான் எல்லாவற்றுக்கும் திறவுகோல். பாலஸ்தீனம் அப்போது பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்தது. அங்கே குடியேற பிரிட்டன் வழங்கிய சான்றிதழ் வைத்திருக்கும் யூதர், லுட்ஸின் பார்வையில் பிரிட்டிஷ் நலன் சம்பந்தப்பட்டவர். ஆகவே அவர் தன் மேசைக்கு வர வேண்டியவர். புடாபெஸ்டில் யூதர்களின் குடியேற்றத்தைக் கவனித்த பாலஸ்தீன அலுவலகத்தை நடத்திய மோஷே க்ராவுஸுடன் சேர்ந்து, 1944 மார்ச்சுக்கு முன்பே சுமார் 10,000 பேரை, பெரும்பாலும் சிறுவர்களையும் இளைஞர்களையும், முறையான தாள்களோடு அவர் வெளியே அனுப்பியிருந்தார்.

1944 மார்ச் 19 அன்று ஜெர்மன் படை ஹங்கேரிக்குள் புகுந்தது. யூதர்களை நாடு நாடாகத் திரட்டி முகாம்களுக்கு அனுப்பும் பொறுப்பிலிருந்த நாஜி அதிகாரி ஐக்மான் தன் ஆட்களோடு வந்தார். மே 15 முதல் ஜூலை 9 வரை, எட்டே வாரத்தில், சுமார் 4,37,000 பேர் ரயிலேற்றப்பட்டார்கள். அநேகமாக எல்லோரும் ஆஷ்விட்ஸ் கொலை முகாமுக்கு. நாட்டுப்புறம் காலியானது. ஜூலை முதல் வாரத்தில் ஆட்சித் தலைவர் ஹோர்த்தி அனுப்புதலை நிறுத்தியபோது, பெரிய எண்ணிக்கையில் மிச்சமிருந்தவர்கள் தலைநகரின் யூதர்கள் மட்டுமே.

லுட்ஸ் கையில் இருந்தது சான்றிதழ் பட்டியல். இதை வைத்து ஹங்கேரி அரசிடமும், ஜெர்மன் முழு அதிகாரப் பிரதிநிதி வேசன்மையரிடமும் பேசினார். சுமார் 8,000 பேர் பாலஸ்தீனம் போகலாம் என்று ஒப்புதல் வந்தது. ஹிட்லர் சம்மதித்தது ஒரு நிபந்தனையோடு: மற்றவர்களை அனுப்பும் வேலையை ஹங்கேரி மறுபடி தொடங்க வேண்டும். ஆக, கொடுத்த அனுமதியே ஒரு பொறி. ஜெர்மனி வழிவிடும் விசாவைத் தரவேயில்லை. யாரும் கிளம்பவில்லை. லுட்ஸ் இந்த முட்டுக்கட்டையையே ஆதாரமாக்கிக்கொண்டார். பயணம் ரத்தாகவில்லை, தாமதமாகிறது, அவ்வளவுதான். தாமதமாகும்வரை இவர்கள் பயணத்துக்குக் காத்திருப்பவர்கள். காத்திருப்பவர்கள் சுவிஸ் பொறுப்பில் இருப்பவர்கள். இதுதான் அவர் நிலை.

அதைத் தாளில் கொண்டுவந்த விதம் இப்படி. முதலில் கூட்டுக் கடப்பிதழ். தனித்தனியாக ஆயிரக்கணக்கில் கடப்பிதழ் அச்சிட நேரமும் கிடையாது, அதிகாரமும் கிடையாது. எனவே பெரிய பேரேடுகளில் பக்கம் பக்கமாகப் பெயர்களையும் புகைப்படங்களையும் சேர்த்து, ஒரு பேரேடே பல நூறு பேருக்கான ஒரே பயண ஆவணம் என்று ஆக்கினார்கள். ஆனால் தெருவில் நிறுத்தும் சிப்பாயிடம் பேரேட்டைத் தூக்கிக் காட்ட முடியாதே. அதற்குத்தான் ஆளுக்கொரு பாதுகாப்புக் கடிதம். ஒற்றைத் தாள், ஜெர்மன், ஹங்கேரியன் இரண்டிலும் வாசகம். இன்னார் குடியேறிச் செல்வதற்கான சுவிஸ் கூட்டுக் கடப்பிதழில் பதிவாகியிருக்கிறார், ஆகவே அவரைச் செல்லத்தக்க கடப்பிதழ் உடையவராகக் கருத வேண்டும் என்று வெளிநாட்டு நலன்கள் பிரிவு சான்றளிக்கிறது. கீழே முத்திரை, கையெழுத்து, தேதி. இன்று காணக் கிடைக்கும் கடிதங்களில் 1944 அக்டோபர் 23 என்ற தேதி அடிக்கடி வரும்.

வேலை அனுமதிக்கு முன்னால் மனிதவள அமைச்சு தரும் கொள்கை அளவிலான ஒப்புதல் கடிதத்தை நினைத்துக்கொண்டால் சிங்கப்பூரில் இருக்கும் நமக்குச் சட்டென்று புரியும். அந்தத் தாள் அனுமதி அட்டை ஆகாது. ஆனால் உங்கள் பெயர் எங்கோ ஒரு பதிவேட்டில் ஏறிவிட்டது என்று சொல்கிறது, அதை நம்பிக் குடிநுழைவு அதிகாரி உங்களை உள்ளே விடுகிறார். கடிதத்தின் பலம் கடிதத்துக்குப் பின்னால் இருக்கும் பதிவேட்டில் இருக்கிறது.

அடுத்தது எண். 8,000 என்ற ஒப்புதலை லுட்ஸ் 8,000 தலைகள் என்று எடுத்துக்கொள்ளவில்லை. 8,000 குடும்பங்கள் என்று எடுத்துக்கொண்டார். ஒரு சான்றிதழ் ஒரு குடும்பத்துக்கு என்பது பாலஸ்தீனக் குடியேற்றத்தில் முன்பே இருந்த வழக்கம். அதனால் இந்த விளக்கத்தை அடியோடு பொய் என்று யாரும் தள்ளிவிட முடியவில்லை. கடிதங்களுக்கு 1 முதல் 8,000 வரை வரிசை எண். 8,000 வந்ததும் நிறுத்தவில்லை, மறுபடி 1-லிருந்து ஆரம்பித்தார்கள். சோதனைக்கு வரும் அதிகாரி எந்தக் கடிதத்தை எடுத்துப் பார்த்தாலும் எண் ஒப்புதலுக்குள்தான் இருக்கும். ஒரே எண்ணுள்ள இரண்டு கடிதங்கள் ஒரே மேசையில் சேர்ந்து விழுந்தால்தான் விஷயம் வெளிப்படும். கடிதம் வைத்திருப்பவர்கள் நகரமெங்கும் சிதறிக் கிடந்ததால் அந்த வாய்ப்பு குறைவு. இவ்வளவு எளிய ஏற்பாடு இத்தனை உயிர்களைத் தாங்கியது என்பதை எத்தனை முறை நினைத்தாலும் மனம் நெகிழ்கிறது.

விண்ணப்பம் வாங்க இடம் வேண்டும். அமெரிக்கக் கட்டடத்தின் வாசலில் கூட்டம் நெரிந்தது. வதாஸ் தெரு 29-ல் ஆர்தர் வைஸ் என்ற கண்ணாடி வணிகரின் கடை இருந்தது. லயோஷ் கோஸ்மா வடிவமைத்த நவீனக் கட்டடம். விதவிதமான கண்ணாடிப் பலகைகள் பதித்த அந்த முகப்பே கடைக்கு விளம்பரம். வைஸ் அதைக் கொடுத்தார். ஜூலை 24 அன்று சுவிஸ் தூதரகக் குடியேற்றப் பிரிவு என்ற பலகை அங்கே ஏறியது. அலுவலகமாகத் தொடங்கிய கண்ணாடி வீடு அக்டோபருக்குப் பிறகு அடைக்கலமாக மாறியது. நிலவறை, பரண், கண்ணாடி அடுக்கும் கிடங்கு என்று எங்கும் ஆட்கள். கடைசியில் சுமார் 3,000 பேர். இடம் போதாமல் பக்கத்துக் கட்டடத்தில் இருந்த ஹங்கேரி கால்பந்துச் சங்கத்தின் இடத்துக்கும் பரவினார்கள். அத்தனை பேருக்குச் சோறு, தண்ணீர், கழிவறை என்பது எத்தனை பெரிய பாடு என்று நான்கு அறை வீட்டில் பத்து விருந்தாளிகளை வைத்துப் பார்த்தவர்கள் ஊகித்துக்கொள்ளலாம்.

கண்ணாடி வீட்டையும் சேர்த்து, நகரத்தில் 76 வீடுகள் சுவிஸ் பாதுகாப்பில் இருந்தன. இவற்றில் பலவும் செயின்ட் இஸ்த்வான் பூங்காவைச் சுற்றிய, சர்வதேச கெட்டோ (யூதர்களை ஒதுக்கி வைத்த குடியிருப்பு) எனப்பட்ட பகுதியில். லுட்ஸ் வலியுறுத்திய வாதம்: தூதரகத்தின் கட்டடத்துக்குள் எப்படி யாரும் அனுமதியின்றி நுழையக்கூடாதோ, அதன் பொறுப்பில் உள்ள வீட்டுக்கும் அப்படியே. சட்டப் புத்தகத்தைப் புரட்டினால் இந்த வாதத்துக்குப் பெரிய பிடிமானம் கிடையாது. ஆனால் வாசலில் பலகையும் கொடியும் இருந்தால், கீழ்நிலைச் சிப்பாய் மேலிடத்தைக் கேட்டுவிட்டு வருவோம் என்று தயங்குவான். அந்தத் தயக்கத்தில் பல இரவுகள் கழிந்தன.

கோளாறும் இங்கிருந்துதான் ஆரம்பித்தது. அக்டோபர் 15 அன்று ஹோர்த்தி கவிழ்க்கப்பட்டு, நாஜிகளின் கூட்டாளியான சாலாஷியின் அம்புச் சிலுவைக் கட்சி ஆட்சிக்கு வந்தது. யூத இளைஞர் இயக்கத்தினர் கண்ணாடி வீட்டிலும் வேறு மறைவிடங்களிலும் கடிதங்களைப் பல்லாயிரக்கணக்கில் போலியாக அச்சிட்டு விநியோகித்தார்கள். லுட்ஸுக்கு இது தெரியும். தடுக்கவும் முடியாது, ஒப்புக்கொள்ளவும் முடியாது. போலி பெருகப் பெருக அசலின் மதிப்பு தேயும். அதே சமயம் ஒவ்வொரு போலியும் ஓர் உயிர். சாலாஷி அரசு ஏற்றுக்கொண்டது 7,800 சுவிஸ் கடிதங்களை. சுவீடனுக்கு 4,500, வத்திக்கானுக்கு 2,500. தெருவில் புழங்கியது இதைப்போல் பல மடங்கு என்று அவர்களுக்கும் தெரிந்துவிட்டது.

நவம்பரில் ஓபுடா செங்கல் சூளையில் பல்லாயிரம் பேரைத் திரட்டி, அங்கிருந்து ஆஸ்திரிய எல்லையிலுள்ள ஹெகெஷாலோம் நோக்கி நடத்தியே விரட்டினார்கள். 170 கிலோமீட்டருக்கு மேல், குளிரில், சோறில்லாமல். அந்தச் சூளைக்கு லுட்ஸையும் கெர்ட்ருட்டையும் வரவழைத்து, எது அசல் எது போலி என்று பிரித்துத் தரச் சொன்னார்கள். மறுத்தால் எல்லாக் கடிதங்களும் செல்லாது என்ற மிரட்டல். இருவரும் மணிக்கணக்கில் நின்று பிரித்தார்கள். போலித் தாள் என்று ஒதுக்கப்பட்டவர் நடைப்பயணத்துக்குப் போக வேண்டும். லுட்ஸின் வரலாற்றை எழுதுகிறவர்கள் சிலர் இந்த இடத்தை வேகமாகக் கடந்துவிடுகிறார்கள். அது சரியல்ல என்பது என் கருத்து. ஒரு பகுதியைக் கைவிட்டால்தான் மீதியைக் காக்க முடியும் என்ற நிலைக்குத் தாள் முறை ஒருவரைத் தள்ளும். அந்தச் சுமையோடுதான் அவர் மிச்ச வாழ்க்கையை வாழ்ந்தார்.

அம்புச் சிலுவைக்காரர்கள் ஏன் ஒரேயடியாக எல்லாவற்றையும் கிழித்துப் போடவில்லை? ஒரு காரணம், அவர்களுக்கு வெளிநாட்டு அங்கீகாரம் வேண்டியிருந்தது. நடுநிலை நாடு ஒன்று தங்களை அரசாக ஏற்றுக்கொள்ளாதா என்று ஏங்கினார்கள். சுவிட்சர்லாந்து கடைசிவரை ஏற்கவில்லை. ஏற்கலாம் என்ற நம்பிக்கையை மட்டும் பேச்சில் நீடிக்க விட்டார்கள். இன்னொன்று, யாஃபா. ஜெர்மன் தூதரக ஆலோசகர் கெர்ஹார்ட் ஃபைனே, லுட்ஸ் புடாபெஸ்டில் இருக்கும்வரை சுவிஸ் வீடுகளைத் தொடக்கூடாது என்று மேலிடத்து உத்தரவு இருப்பதாகத் தன்னிடம் சொன்னார் என்றும், பாலஸ்தீன ஜெர்மானியர்களுக்குச் செய்த வேலைதான் அதற்குக் காரணம் என்றும் லுட்ஸ் பின்னாளில் குறிப்பிட்டார். அதனால்தான் ரஷ்யப் படை நெருங்கியபோது கிளம்பிவிடாமல் ஊரிலேயே இருந்தார்.

கொடி வேலை செய்ய எதிராளிக்கும் அதில் ஏதோ ஒரு தேவை இருக்க வேண்டும். இதற்கு வெளியே எங்கும் போய் உதாரணம் தேட வேண்டியதில்லை, நம் தீவே போதும். சிங்கப்பூர் 1942 பிப்ரவரி 15 அன்று விழுந்தது. லுட்ஸ் புடாபெஸ்டில் மேசை போட்டு ஆறு வாரம்தான் ஆகியிருந்தது. ஜப்பானிடமும் பிரிட்டனின் சார்பில் பேசியது இதே சுவிட்சர்லாந்துதான். ஆனால் 1929-ஆம் ஆண்டு ஜெனீவா போர்க்கைதிகள் உடன்படிக்கையில் ஜப்பான் கையெழுத்துப் போட்டிருந்தாலும் அதை உறுதி செய்யவில்லை; தான் கைப்பற்றிய பகுதிகளில் சுவிஸ் பிரதிநிதித்துவத்தை ஏற்கவும் மறுத்தது. சாங்கி சிறையில் அடைபட்ட பிரிட்டிஷ் குடிமக்களைக் காக்க ஒரு லுட்ஸ் வந்திருந்தாலும் வாசலில் நின்று திரும்பியிருக்க வேண்டியதுதான். வாட்டர்லூ ஸ்திரீட் கிருஷ்ணன் கோயிலுக்குப் போகிறவர்கள் அதே தெருவில் மகேன் அபோத் யூதத் தொழுகைக்கூடத்தைப் பார்த்திருப்பீர்கள். அந்தச் சமூகத்தினரும் 1943-ல் அடைத்து வைக்கப்பட்டார்கள். அவர்களில் ஒருவரான டேவிட் மார்ஷல், தொண்டூழியப் படையில் சேர்ந்து போர்க்கைதியாகி ஹொக்கைடோவுக்குக் கொண்டுபோகப்பட்டவர், பின்னாளில் சிங்கப்பூரின் முதல் முதலமைச்சர். 1978-லிருந்து பிரான்சுக்கான நம் தூதராக இருந்த அவருக்கே சுவிட்சர்லாந்தின் பொறுப்பும் சேர்த்துக் கொடுக்கப்பட்டது.

நம்மவர்களின் நிலை இதைவிடக் கொடுமை. மலாயாத் தோட்டங்களிலிருந்து சயாம் ரயில் பாதைக்கு இழுத்துச் செல்லப்பட்ட தமிழ்த் தொழிலாளர்கள் போர்க்கைதிகள் என்ற வகையில்கூட வரவில்லை. ராணுவக் கைதிக்காவது பெயர், எண், படைப்பிரிவு என்று தன் அதிகாரி வைத்த பட்டியல் இருந்தது. செத்தால் குறித்து வைக்க ஒருவர் இருந்தார். தொழிலாளிக்கு அந்தப் பட்டியலே கிடையாது. வதாஸ் தெருவில் மக்கள் வரிசையில் நின்றது ஒரு பேரேட்டில் பெயர் ஏற்றுவதற்காக என்று படிக்கும்போது, பேரேடே இல்லாமல் காட்டில் கிடந்தவர்கள் நினைவுக்கு வராமல் இருப்பதில்லை.

புடாபெஸ்டுக்குத் திரும்புவோம். டிசம்பர் இறுதியில் நகரம் முற்றுகைக்குள்ளானது. மூத்த சுவிஸ் தூதர் யேகர் நவம்பரிலேயே போய்விட்டார். தூதரகப் பொறுப்பு இளைஞரான ஹரால்ட் ஃபெல்லருக்கு வந்தது. டிசம்பர் 31 அன்று அம்புச் சிலுவைக்காரர்கள் கண்ணாடி வீட்டுக்குள் துப்பாக்கியோடு புகுந்தார்கள். அன்று பெரும் படுகொலை தவிர்க்கப்பட்டது. மறுநாள் ஆர்தர் வைஸை அழைத்துக்கொண்டு போனார்கள், அவர் திரும்பவேயில்லை. பெஸ்ட் கரை ஜனவரி 18-க்குள் ரஷ்யர்கள் வசமானது. லுட்ஸ் இருந்த புடா கரையில் சண்டை பிப்ரவரி 13 வரை நீடித்தது. பிரிட்டிஷ் மாளிகை குண்டுவீச்சில் எரிந்தது. அவரும் மனைவியும் உடன் தங்கியிருந்தவர்களும் வாரக்கணக்கில் நிலவறையில் கிடந்தார்கள். ஃபெல்லரை ரஷ்யர்கள் மாஸ்கோவுக்குக் கொண்டுபோய் அடைத்தார்கள், 1946-ல்தான் விட்டார்கள். வாலன்பெர்க் திரும்பவே இல்லை. லுட்ஸ் நாட்டைவிட்டு அனுப்பப்பட்டு இஸ்தான்புல் வழியாக ஊர் சேர்ந்தார்.

பெர்னில் அவரை வரவேற்க யாரும் மாலையோடு நிற்கவில்லை. அதிகார வரம்பை மீறினார் என்று கண்டிப்புதான் காத்திருந்தது. அதிகார வரம்பைப் பற்றி மட்டும் பார்த்தால் மேலதிகாரிகள் சொன்னது உண்மை. 8,000 என்ற ஒப்புதலைப் பல மடங்காக நீட்ட அவருக்கு யாரும் உத்தரவிடவில்லை. பிறகு 1954 முதல் 1961 வரை ஆஸ்திரியாவின் பிரெகென்ஸில் தூதரகப் பொறுப்பு, ஓய்வும் அங்கிருந்தே. 62,000 பேரைக் காப்பாற்றினார் என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. 8,000-க்கும் இதற்கும் உள்ள இடைவெளியைக் குடும்ப விளக்கமும், திரும்பத் திரும்ப 1-லிருந்து தொடங்கிய எண்களும், 76 வீடுகளும், கண்டும் காணாமல் விட்ட போலிக் கடிதங்களும் சேர்ந்து நிரப்பின. 1964-ல் இஸ்ரேலின் யூத இனப்படுகொலை நினைவகமான யாத் வஷெம், யூதர்களைக் காத்த பிற இனத்தவருக்கான அறவோர் பட்டியலில் அவரைச் சேர்த்தது. அந்தப் பட்டியலில் ஏறிய முதல் சுவிஸ்காரர் அவர். 1975 பிப்ரவரி 12 அன்று பெர்னில் இறந்தார். புடாபெஸ்டில் பழைய கெட்டோவின் நுழைவாயில் அருகே, டோப் தெருவில் 1991-ல் நினைவுச் சின்னம் எழும்பியது. சுவிஸ் கூட்டரசு மாளிகையில் ஓர் அறைக்கு அவர் பெயர் வைத்தது 2018-ல்தான்.

கெர்ட்ருட்டின் பங்கு இன்னும் தாமதமாகத்தான் வெளியே வந்தது. சூளையில் கணவனோடு நின்று தாள் பிரித்தவர், நிலவறையில் இருந்தவர்களுக்கு உணவுக்கு ஏற்பாடு செய்தவர். போருக்குப் பிறகு இருவரும் 1946-ல் மணமுறிவு பெற்றார்கள். லுட்ஸ் 1949-ல் மக்டா என்பவரை மணந்தார்; மக்டாவும் அவர் மகள் ஆக்னெஸும் அந்த நிலவறையில் இருந்து பிழைத்தவர்கள். கெர்ட்ருட் ஐக்கிய நாட்டு நிறுவனத்தின் சிறுவர் நிதியமான யுனிசெஃபில் சேர்ந்து பல நாடுகளில் பணியாற்றினார். யாத் வஷெம் அவர் பெயரை 1978-ல் ஏற்றியது, கணவர் பெயர் ஏறிப் பதினான்கு ஆண்டுக்குப் பிறகு. லுட்ஸின் தாள்களும், அவரே எடுத்த புகைப்படங்களும் சூரிக் இடிஎச் பல்கலைக்கழகத்தின் சமகால வரலாற்று ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. கண்ணாடி வீட்டு வாசலில் நின்ற அந்த நீண்ட வரிசையின் படம் அவற்றில் ஒன்று. கோட்டும் தொப்பியும் போட்டு, கையில் பையோடு, ஏதோ வரி கட்ட வந்தவர்களைப் போலத் தெரு முழுக்க ஆட்கள் நிற்கிறார்கள்.